ஜோசலின் சாரின் மூன்று ரிப்போர்ட்டுகள்

ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையை ஒட்டிய ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் சத்யபிரியா ஆறு வருடமாக வேலை பார்த்துவந்தாள். படித்தது லேப் டெக்னீஷியன் படிப்பு. முதல் இரண்டு வருடம் உள்ளே மெஷின்களோடு இருந்தாள். முன்பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், ஆள் கிடைக்கும்வரை கவுன்ட்டரைப் பார்த்துக்கொள் என்றார்கள். ஆள் கிடைக்கவே இல்லை. யாரும் தேடியதாகவும் தெரியவில்லை. வருகிறவர்களின் பெயர், வயது, போன் நம்பரையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், சாயங்காலம் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலையாகிப்போனது.

ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த காலைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஒருவர் வந்தார். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டியிருந்தார். வாசலில் நாலே படிதான். அதற்கே மூச்சு வாங்கியது. கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் பேசினார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்கெல்லாம் வருடாவருடம் எடுக்கிற செக்கப், போன வாரம் எடுத்தது, ரிப்போர்ட் போனில் வந்துவிட்டது, ஆனால் மூட்டு வலிக்குப் பார்க்கிற டாக்டர் தாளில் கேட்கிறார் என்றார்.

சத்யபிரியா போன் நம்பரைக் கேட்டுத் தட்டினாள். திரையில் ஜோசலின் என்று வந்தது. ஐம்பத்தாறு வயது. பக்கத்தில் எஃப் என்ற எழுத்து.

"மேடமோட ரிப்போர்ட்டா சார்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. நான்தான் ஜோசலின்."

ஆயிரம் தடவை சொல்லிப் பழகியவர் சொல்கிற மாதிரி, கோபமில்லாமல் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாரி சார், மாத்திடறேன் என்றாள். வாரத்துக்கு ஒன்றாவது இப்படி வரும். வயது தப்பாக இருக்கும், இனிஷியல் மாறியிருக்கும். திருத்திவிட்டு பிரின்ட் கொடுத்தால் முடிந்தது. எஃப்பை எடுத்துவிட்டு எம் போட்டு, சேமிக்கிற பொத்தானை அழுத்தினாள்.

திரை ஒரு கணம் வெறுமையாகி மறுபடி வந்தது. அதுவரை முழுக்கக் கறுப்பாக இருந்த ரிப்போர்ட்டில் மூன்று வரிகள் சிவப்பாகியிருந்தன.

ஹீமோகுளோபின் 12.1 என்று இருந்தது. அந்த எண் மாறவில்லை. அதற்கு எதிரே அச்சாகிற அளவுதான் மாறியிருந்தது. சற்று முன்புவரை அங்கே 12 முதல் 15 வரை என்று இருந்தது. இப்போது 13 முதல் 17 வரை. ரத்தத்தில் எத்தனை பங்கு சிவப்பணு என்று சொல்லும் வரியும், சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் அதேபோல் சிவந்திருந்தன. பெண்ணுக்கு ஓர் அளவு, ஆணுக்கு ஓர் அளவு. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கும் போகாத உடம்புக்கும் ஒரே அளவு வைக்க முடியாது என்று லேப் டெக்னீஷியன் படிப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஓர் எழுத்தை வைத்துத்தான் கம்ப்யூட்டர் எது நார்மல், எது இல்லை என்று முடிவு செய்தது.

அவர் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார். சத்யபிரியா அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்தாள். இரண்டு வருடம் முன்பு 14.7. போன வருடம் 12.8. இந்த வருடம் 12.1. மூன்றிலும் எஃப். மூன்றிலும் எல்லாமே நார்மல் என்று போயிருந்தது. போன வருடமே சிவப்பில் வந்திருக்க வேண்டிய எண் கறுப்பில் போயிருந்தது.

சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோவா இருக்கு சார், உட்காருங்க என்று சொல்லிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மேனேஜர் குப்புராஜ் கெட்டவர் என்று சொல்ல முடியாது. லீவு கேட்டால் கொடுப்பார். நோன்பு நாளில் பழம் வாங்கி வைப்பார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார்.

"இன்னாம்மா நீ, இதுக்குப் போய் மூஞ்சி வெளுத்துக்கினு நிக்கிற. மாத்திட்டல்ல? புதுசா பிரின்ட் எடுத்துக் குடு. செகப்பு போட்டுக் கீது, டாக்டரு பாத்துப்பாரு."

போன வருடமும் தப்பாகப் போயிருக்கிறதே என்று அவள் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பன்னிரண்டெல்லாம் ஒரு குறைச்சலே இல்லை, பேரீச்சம்பழம் தின்றால் ஏறிவிடும் என்றார். இந்தப் பேச்சு அந்தப் பள்ளிக்கூடத்தின் காதுக்குப் போனால் நாற்பத்திரண்டு பேரும் அடுத்த வருடம் வேறு லேபுக்குப் போய்விடுவார்கள், தலைமை ஆபீசில் தன்னைத்தான் கேட்பார்கள் என்றார். வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் சொன்னார்.

சத்யபிரியா வெளியே வந்து புதிய ரிப்போர்ட்டை அச்செடுத்தாள். உறையில் போட்டு நீட்டினாள். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தேங்க்ஸ்மா என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அந்த நாலு படியையும் ஒவ்வொன்றாக நின்று இறங்கினார். கூப்பிடலாம் என்று அவள் வாய் திறந்தாள். கூப்பிடவில்லை. அவருடைய ஸ்கூட்டர் சாலையில் சேர்ந்து மறைந்தது.

முதலில் இப்படித் தப்பாக ஏற்றியது யார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவள் லீவில் இருந்த நாளில் கவுன்ட்டரைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கும் என்று நினைத்தாள். யார் எப்போது எதைப் பதிந்தார்கள் என்ற விவரம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைத் திறந்து பார்த்தாள். இரண்டு வருடம் முன்பு, ஜூலை ஒன்பதாம் தேதி, காலை ஏழு ஐம்பத்திரண்டு. பதிந்தவர் பெயர்: சத்யா.

அந்தக் கவுன்ட்டரில் சத்யா என்று வேறு யாரும் இருந்ததில்லை.

காதுக்குள் சத்தமெல்லாம் தூரப் போய்விட்டது போலிருந்தது. வெளியே பஸ் ஹாரன் அடித்தது கேட்டது, கேட்காததுபோலவும் இருந்தது. மெல்ல மெல்ல அந்தக் காலை ஞாபகத்துக்கு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸப்பில் நாற்பத்திரண்டு பெயர் கொண்ட பட்டியல் வந்திருந்தது. பெயரும் வயதும் போன் நம்பரும் மட்டும். ஆள்கள் யாரும் நேரில் வரவில்லை. டெக்னீஷியன் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கே போய் ரத்தம் எடுத்துவந்தார். டியூபுகள் வந்து சேர்வதற்குள் எல்லாப் பெயரையும் ஏற்றியாக வேண்டும். ஆணா பெண்ணா என்பதைப் பெயரைப் பார்த்து அவளே போட்டுக்கொண்டு போனாள். பல்லாவரத்தில் அவளோடு பத்தாவது படித்த பெண் ஒருத்தியின் பெயர் ஜோசலின். யோசிக்கவே தோன்றவில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதே போன் நம்பரைத் தட்டியதும் கம்ப்யூட்டர் பழைய விவரத்தைத் தானாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அன்றைக்கு மதியம் அவள் சாப்பிடவில்லை. நாற்பத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். சந்தேகமானவற்றை எழுதிவைத்துக்கொண்டு பள்ளி ஆபீசுக்குப் போன் செய்து, பதிவு சரிபார்ப்பு என்று சொல்லிக் கேட்டாள். இன்னும் ஒரு தப்பு கிடைத்தது. எபி என்ற பெயரில் பெண் என்று பதிந்திருந்தவர் விளையாட்டு வாத்தியார். அவருக்கு ஹீமோகுளோபின் 14.2 இருந்தது, எப்படிப் பார்த்தாலும் சரி. அதையும் திருத்தினாள்.

ஜோசலின் சாருக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பார். நாலாவது முறை செய்யும்போது குப்புராஜ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் கணவன் பாலுவிடம் சொன்னாள். அவன் மறைமலை நகரில் பிரேக் பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தான். கேட்டுவிட்டு, எங்கள் லைனில் தப்பான பீஸ் ஒன்று வெளியே போய்விட்டால் அது எந்த வண்டியில் ஏறியிருக்கிறது என்று தேடித்தான் ஆக வேண்டும் என்றான்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு, பதிவிலிருந்த முகவரியைப் பார்த்து அவள் செலையூருக்குப் போனாள். ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் மாடியோடு கூடிய சிறிய வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி ஞானசௌந்தரி. தொலைபேசி ஆபீசில் முப்பது வருடம் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். லேபிலிருந்து வருகிறேன் என்றதும், இன்னும் ஏதாவது ரத்தம் எடுக்கணுமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். ஜோசலின் சார் சோபாவில் முட்டிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தது எதுவும் உதவவில்லை. நேரடியாகச் சொன்னாள். இரண்டு வருடம் முன்பு உங்களைப் பெண் என்று பதிந்துவிட்டேன், அதனால் உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டுகளில் பெண்ணுக்குரிய அளவு அச்சாகியிருக்கிறது என்றாள்.

அவர் சிரித்தார்.

"அதை நான் முத வருஷமே பாத்தேன்மா. இவ கிட்ட காட்டினேன். பாரு, இங்கயும் என்னைப் பொம்பளையாக்கிட்டாங்கன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அப்பா ஊரில் பிரசவம் பார்த்த வெள்ளைக்கார டாக்டரின் பெயராம் அது. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் எழுப்பி விசாரிப்பது, கல்லூரியில் சேர்ந்தபோது பெண்கள் விடுதியில் இடம் ஒதுக்கியது, கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்துக்காரர் போன் செய்து இதில் மாப்பிள்ளை யார் என்று கேட்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் இன்னும் அதை ஒரு பெயர்க் குழப்பமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஞானசௌந்தரி சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்தார். பழைய ரிப்போர்ட்டுகள் இரண்டையும், நேற்று வாங்கி வந்ததையும் டீப்பாயில் வரிசையாக வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். மூன்றாவது தாளில் சிவப்பு வரியில் விரல் நின்றது.

"இந்த நம்பர் எனக்கு இருந்தா சரி. இவருக்கு இருந்தா சரியில்ல. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"பதினாலு ஏழு, பன்னெண்டு எட்டு, பன்னெண்டு ஒண்ணு. இறங்கிக்கிட்டே வருது. இது எங்க போகுது?"

"அது எனக்குச் சொல்லத் தெரியாது மேடம். ஆம்பளைங்களுக்குக் காரணமில்லாம குறையக் கூடாது. உள்ள எங்கயாவது கொஞ்சம் கொஞ்சமா போகுதான்னு டாக்டர்தான் பாக்கணும். மூட்டு டாக்டர் இல்ல. வயித்துக்குப் பாக்கிற டாக்டர்."

ஜோசலின் சார் வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்லக் கலைந்தது. சத்யபிரியாவைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்து, பத்தாம் வகுப்பு மூன்றாவது மாடியில் இருக்கிறதல்லவா, மார்ச் மாதத்திலிருந்தே இரண்டாவது மாடியில் நின்றுதான் போகிறேன் என்றார். வயசாகிவிட்டது, முட்டிதான் காரணம் என்று நினைத்தேன் என்றார். ஞானசௌந்தரி அவரையே பார்த்தார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி முகத்தில் இருந்தது.

அவள் கிளம்பும்போது ஞானசௌந்தரி வாசல்வரை வந்தார்.

"போன வருஷம் இவர் தளதளன்னு இருந்தாரும்மா. எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் பண்ணிட்டு பிரியாணி சாப்பிட்டோம்" என்றார். பிறகு கதவைச் சாத்தினார்.

டாக்டரைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் ஆனது. மறுபடி ரத்தம் எடுத்ததில் 11.8 இருந்தது. உடம்பில் சேர்ந்திருக்க வேண்டிய இரும்புச்சத்து ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. வலி மாத்திரையால் வயிற்றில் புண் வந்திருக்கலாம் என்று டாக்டர் முதலில் நினைத்தார். ஜோசலின் சாரும் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரிடமும் சொன்னார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில் வயிறு சுத்தமாக இருந்தது. அடுத்த வாரம் பெருங்குடலைப் பார்த்தார்கள். வலது பக்கம், குடல் தொடங்குகிற இடத்தில், ஓர் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருந்தது. அங்கிருந்துதான் கண்ணுக்குத் தெரியாமல் நாள்தோறும் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வலி கிடையாது. மலத்திலும் நிறமாகத் தெரியாது. ரத்தத்தில் அந்த ஒரு வரியைத் தவிர வேறெங்கும் அது தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் சத்யபிரியாவுக்குத் தெரிந்தது ஆகஸ்ட் மாதம், ஞானசௌந்தரி லேபுக்கு வந்தபோதுதான்.

காலை எட்டரை மணி. கவுன்ட்டருக்கு எதிரே பத்துப் பதினைந்து பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். ஞானசௌந்தரி சத்தம் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவுன்ட்டரில் வைத்து, இதுல கேன்சர்னு போட்டிருக்கு, நீயே படிச்சுக்கோ என்றார். அவள் பிரித்தாள். திசுப் பரிசோதனை ரிப்போர்ட். எழுத்துகள் தெரிந்தன, சொல் எதுவும் மனதில் நிற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துதான் இருக்கிறோமா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இது நடக்கலாம் என்று அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். ஆனால் வேறு எதுவாகவோதான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

குப்புராஜ் வெளியே வந்தார். உள்ளே வாங்கம்மா, உட்கார்ந்து பேசலாம் என்று கூப்பிட்டார். ஞானசௌந்தரி நகரவில்லை. இரண்டு வருடம் தப்பான ரிப்போர்ட் போயிருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள் என்றார். குப்புராஜ் குரலைத் தாழ்த்தி, அது சாஃப்ட்வேர் கோளாறு என்றும், கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது என்றும் சொன்னார். உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"சாஃப்ட்வேர் இல்ல மேடம்" என்றாள் சத்யபிரியா. "நான்தான் போட்டேன். தேதி, நேரம் எல்லாம் இருக்கு."

குப்புராஜ் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது. அவள் அச்சு இயந்திரத்திலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை உருவி எழுதினாள். பெயரைப் பார்த்துத் தவறாகப் பெண் என்று பதிந்தது, அதனால் போன வருட ரிப்போர்ட்டில் குறைவு காட்டப்படாதது, ஜூலை மாதம் தெரிந்தும் அன்றே வாய்விட்டுச் சொல்லாதது. கடைசி வரியை எழுதும்போது கை நின்றது. எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஞானசௌந்தரி அதை நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளோடு போன புகார் தலைமை ஆபீசுக்கு ஒன்றும், பள்ளிக்கூடத்துக்கு ஒன்றுமாகச் சேர்ந்தது. பதினைந்து நாளில் சத்யபிரியாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் பார்த்து ஆண், பெண் என்று இனிமேல் யாரும் பதியக்கூடாது, கேட்டுத்தான் பதிய வேண்டும் என்று எல்லாக் கிளைகளுக்கும் ஒரு சுற்றறிக்கையும் போனது. குப்புராஜ் போன் செய்து, நீ அன்னிக்கி அந்தத் தாளை எழுதாம இருந்திருந்தா உன்னைக் காப்பாத்தியிருப்பேன் என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும்.

ஆபரேஷன் நகருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. குடலின் வலது பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு இணைத்தார்கள். கல்லீரலுக்குப் பரவவில்லை. வெட்டி எடுத்ததோடு சேர்ந்து வந்த நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில் மட்டும் நோய் இருந்தது. ஒன்று இருந்தாலும் மருந்து ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஐந்தாவது நாள், பள்ளி ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, சத்யபிரியா தாம்பரத்தில் ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகலாமா கூடாதா என்று பாலுவைக் கேட்டதற்கு, வெளியே நின்று பார்த்துவிட்டாவது வா என்றான். அறை வாசலில் ஞானசௌந்தரி உட்கார்ந்து பைபிள் படித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் புத்தகத்தை மூடினார். விலகி வழிவிடவும் இல்லை, உள்ளே போ என்று சொல்லவும் இல்லை. உள்ளிருந்து ஜோசலின் சாரின் குரல் கேட்டது, யாரது என்று. அந்த லேப் பொண்ணு என்றார் ஞானசௌந்தரி. வரச் சொல்லு என்றார் அவர்.

அவர் பாதியாகியிருந்தார். மூக்கில் குழாய் இல்லை. கையில் மட்டும் ஊசி. வேலை போய்விட்டதாமே என்று அவர்தான் முதலில் கேட்டார். வேறு கிடைக்கும் சார் என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஏதோ கட்டடம் எழுப்புகிற சத்தம்.

"டாக்டர்கிட்ட ஒண்ணு கேட்டேன்மா" என்றார். "போன வருஷமே பாத்திருந்தா அந்த ஒரு முடிச்சுல வந்திருக்காதான்னு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாது, வந்திருக்கும்னும் சொல்ல முடியாதுன்னுட்டார். அதுக்கு மேல நான் கேக்கல. நீயும் கேக்காத. உனக்கும் அதுக்குப் பதில் கிடைக்காது."

அவள் அங்கே அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். முடியவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்துவிட்டு, வெளியே போகும்போது ஞானத்தை ஏதாவது சாப்பிடச் சொல்லு, ரெண்டு நாளா சாப்பிடல என்றார். அவள் வெளியே வந்து அதைச் சொன்னாள். ஞானசௌந்தரி சரி என்று தலையை மட்டும் அசைத்தார்.

நவம்பரில் குரோம்பேட்டையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் லேபில் அவளுக்கு வேலை கிடைத்தது. கவுன்ட்டர் வேண்டாம், உள்ளே மெஷினில் போடுங்கள் என்று அவளே கேட்டு வாங்கினாள். இருந்தாலும் ரத்தம் கொடுக்க வருகிறவர்களைக் கண்ணாடி வழியாக எழுந்து ஒரு முறை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. டியூபில் இருக்கிற பெயரைப் படிப்பாள், ஆளைப் பார்ப்பாள், பிறகுதான் மெஷினில் வைப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் காரணம் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை மதியம் போன் வந்தது. திரையில் ஞானசௌந்தரி என்று இருந்தது; செலையூருக்குப் போன அன்று இருவரும் மாற்றிக்கொண்ட நம்பர். கையுறையைக் கழற்றிவிட்டு ஓரமாகப் போய் எடுத்தாள்.

"மருந்து ஏத்தறதுல ஏழாவது தடவை முடிஞ்சிருக்கு" என்றார் ஞானசௌந்தரி. நலமா என்று கேட்கவில்லை. "இன்னிக்கு ரத்த ரிப்போர்ட் வந்திருக்கு. இவரு பாக்க மாட்டேங்கறாரு. டாக்டர் திங்கக்கிழமைதான் வருவாராம். எனக்கு உன் மேல இருக்கிற கோவம் போகல. போகுமான்னும் தெரியல. நான் படிக்கிறேன், நீ கேளு."

"படிங்க மேடம்."

வெள்ளையணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு, சிறுநீரகத்துக்குப் பார்க்கிற கிரியாட்டினின் எவ்வளவு என்று அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். முப்பது வருடம் போனில் பேசிய குரல். எண் ஒன்றும் குழம்பவில்லை. சத்யபிரியா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். இது இந்த மருந்துக்குக் குறையத்தான் செய்யும், ஆனால் பயப்படுகிற அளவு இல்லை. இது சரியாக இருக்கிறது. தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் மட்டும் உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். இப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஹீமோகுளோபினைப் படித்தார். பதினொன்று புள்ளி ஆறு.

"ஆபரேஷனப்ப ஒன்பதுக்கு வந்திருந்துச்சு" என்றார் ஞானசௌந்தரி.

"ஏறியிருக்கு மேடம். மருந்து ஓடும்போதே ஏறியிருக்கு. ரத்தம் இப்ப உள்ள கசியல."

மறுமுனையில் தூரத்தில் டிவி ஓடுகிற சத்தமும், ஜோசலின் சார் யாரோ ஒரு மாணவனிடம் முக்கோணத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதும் லேசாகக் கேட்டன.

"அடுத்த ரிப்போர்ட் பிப்ரவரி ரெண்டாம் வாரம் வரும்" என்றார் ஞானசௌந்தரி. "அப்ப பண்றேன்."